பவர் ஆஃப் த டாக்: கடைசியில் என்னதான் நடந்தது, இதற்கா இத்தனை புகழ்?

இடைவேளைக்காரன் எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்.

நேற்று ராத்திரி ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். ஒருவழியாக என்று சொல்லக் காரணம், 126 நிமிடப் படத்தை மூன்று தவணையில் பார்த்தேன். 2021-ல் வந்த படம், 12 ஆஸ்கர் பரிந்துரை, வெனிஸில் வெள்ளிச் சிங்கம், ஜேன் கேம்பியனுக்குச் சிறந்த இயக்குநர் விருது என்று ஆளாளுக்குச் சொல்லிவைத்ததால் ஆசையோடுதான் உட்கார்ந்தேன். கௌபாய் படம் என்றால் எனக்கு உயிர். தொப்பி, குதிரை, தூசி, நடுத்தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறைப்பது, இதெல்லாம் இருந்தால் கதை சுமாராக இருந்தாலும் மன்னித்துவிடுகிற ஆள் நான். இதில் தொப்பி இருக்கிறது, குதிரை இருக்கிறது, தூசி வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் யாரும் யாரையும் சுடவே இல்லை.

கதை என்று எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். 1925, மொன்டானா. ஃபில், ஜார்ஜ் என்று அண்ணன் தம்பி, பெரிய மாட்டுப் பண்ணை. அண்ணன் குளிக்காமல் கொள்ளாமல் எல்லோரையும் குத்திக்காட்டிக்கொண்டே திரிகிறான். தம்பி சாது. தம்பி ரோஸ் என்ற விதவையைக் கல்யாணம் செய்துகொள்கிறான், அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, அவளை வார்த்தையாலும் சீட்டியாலுமே வதைக்கிறான், அவள் குடிக்க ஆரம்பிக்கிறாள். அவளுடைய மகன் பீட்டர் விடுமுறைக்கு வருகிறான், ஒல்லிக்குச்சி, காகிதப் பூ செய்கிற பையன். முதலில் அவனையும் கேலி செய்கிற ஃபில் திடீரென்று அவனோடு ஒட்டிக்கொள்கிறான், அவனுக்காகக் கயிறு திரிக்கிறான். மறுநாள் காலையில் ஃபிலுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் சவப்பெட்டி. டாக்டர் ஆந்த்ராக்ஸ் என்கிறார். பையன் கையுறை போட்டுக்கொண்டு கயிற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறான், ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறான், படம் முடிந்துவிட்டது.

நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு? யார் என்ன செய்தார்கள்? நடுவில் ஏதாவது காட்சியைத் தவறவிட்டேனா?

குறை மட்டும் சொல்ல மாட்டேன். ரோஸ் பியானோவில் தட்டுத்தடுமாறி ஒரு மெட்டைப் பழகும்போது மாடியிலிருந்து ஃபில் அதே மெட்டை பேஞ்சோவில் அட்சர சுத்தமாக வாசிக்கிற காட்சியில் எனக்கு முதுகு சில்லிட்டது. ஒரு அடி கூட அடிக்காமல் ஒருத்தியை எப்படி உடைக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். ஃபிலாக வரும் கம்பர்பேட்ச் நடிப்பைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருக்கிறது. உங்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே பிடித்தது? பிடித்தவர்கள் தயவுசெய்து என்ன பிடித்தது என்று சொல்லுங்கள், "உணர்ந்து பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தூரிகை எழுதியது:

எனக்கு மிகவும் பிடித்தது. உணர்ந்து பார்க்கச் சொல்லவில்லை, ஃபிலின் கைகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

பீட்டர்தான் கொன்றான். படம் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. முதல் குரலே பீட்டருடையதுதான்: அப்பா போன பிறகு அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் விரும்பவில்லை, அம்மாவைக் காப்பாற்றாவிட்டால் நான் என்ன ஆண்பிள்ளை என்கிற அர்த்தத்தில் பேசுவான். திரை வெளிச்சமாவதற்கு முன்பே கொலைக்கான காரணம் வந்துவிட்டது. நாம்தான் அதைச் சும்மா ஒரு அம்மா பிள்ளையின் பேச்சு என்று காதில் வாங்காமல் விட்டுவிடுகிறோம்.

அப்புறம் கையுறையைப் பின்தொடருங்கள். காளைக்குக் காயடிக்கும்போது கூட ஃபில் வெறுங்கைதான். கையுறை போடுகிறவன் ஆம்பளை இல்லை என்பது அவன் கணக்கு. பீட்டர் தனியாகக் குதிரையேறி மலைப்பக்கம் போகிறான் இல்லையா, அங்கே செத்துக் கிடக்கும் மாட்டைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கையுறையை மாட்டுகிறான், தோலை உரித்து எடுத்துக்கொள்கிறான். நோயில் செத்த மாட்டைத் தொடக் கூடாது என்று அந்தப் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும், ஃபிலுக்கு நன்றாகவே தெரியும். பிறகு முயல் தேடும்போது மரக்கட்டையில் ஃபிலின் கை கிழிகிறது. பீட்டர் அந்தக் காயத்தைப் பார்க்கிறான், கேமராவும் பார்க்கிறது.

இதற்கு நடுவே ஃபில் சேர்த்துவைத்திருந்த தோல்களையெல்லாம் ரோஸ் குடிபோதையில் ஒரு பூர்வகுடி வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறாள் (பதிலுக்கு அவளுக்குக் கிடைப்பது என்ன என்று பாருங்கள், ஒரு ஜோடி கையுறை). கயிற்றை முடிக்கத் தோல் இல்லாமல் ஃபில் வெறிபிடித்த மாதிரி கத்துகிறான். பீட்டர் மெல்லப் போய், என்னிடம் கொஞ்சம் தோல் இருக்கிறது, உங்களை மாதிரி ஆக வேண்டும் என்று வெட்டி வைத்திருந்தேன் என்கிறான். ஃபில் உருகிப்போகிறான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனுக்காக எதையும் எடுத்து வைத்ததில்லை போலிருக்கிறது. அந்தத் தோலைத்தான் கிழிந்த கையோடு தண்ணீர் வாளிக்குள் விட்டுப் பிசைகிறான். கொட்டிலில் அன்று ராத்திரி இருவரும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடிக்கும் காட்சி, முதல் தடவை பார்க்கும்போது காதல் காட்சி. இரண்டாம் தடவை பார்க்கும்போது அது ஒரு கொலைக் காட்சி என்று தெரியும், ஆனாலும் காதல் காட்சியாகவும்தான் இருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அங்கேதான்.

இன்னொன்று, ஒல்லிக்குச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளை ஷூவும் விறைப்பான ஜீன்ஸுமாகப் பீட்டர் பண்ணையாட்களைக் கடந்து நடந்து போவான், எல்லோரும் சீட்டி அடித்துக் கேலி செய்வார்கள், அவன் ஒரு மரத்தில் குருவிக் கூட்டைப் பார்த்துவிட்டு அதே ஆட்கள் நடுவே அதே வேகத்தில் திரும்பி வருவான். ஓடவில்லை, சுற்றுவழியில் போகவில்லை. ஃபில் அந்த இடத்தில்தான் அவனை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்க்கிறான். அவனுக்குப் புரிந்தது நமக்குப் புரியவில்லை. அவனுக்குமே பாதிதான் புரிந்தது.

மூன்று தவணையில் பார்த்தால் இந்த முடிச்செல்லாம் கையில் நிற்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேர்கோடு எழுதியது:

எனக்கு எல்லாம் புரிந்தது. முதல் தடவையிலேயே, ஒரே உட்காரலில் புரிந்தது. அப்படியும் பிடிக்கவில்லை. இந்தப் படத்தைக் குறை சொன்னாலே "உனக்குப் புரியவில்லை" என்று வந்துவிடுகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

என் பிரச்சினை வேறு. கயிறு, கையுறை, முயல், சேணம், கழுத்துத் துணி, மலைச்சரிவில் நாய் மாதிரித் தெரியும் நிழல் என்று எதைத் தொட்டாலும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அர்த்தம் இல்லாத ஒரு நாற்காலி கூடப் படத்தில் கிடையாது. தனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்துச் செத்துப்போன பிராங்கோ ஹென்றியைப் பற்றி ஃபில் பேசும்போது அவன் கண்ணில் தெரிகிற ஏக்கத்தைப் பார்த்ததுமே அவன் எதை மறைக்கிறான் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவன் அந்தச் சேணத்தைத் தடவித் தடவித் துடைப்பது, அந்தத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் கிடப்பது, ஒளித்துவைத்த பத்திரிகைகள் என்று எனக்குத் தெரிந்ததையே எனக்கு நாலு தடவை சொல்கிறார்கள். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தை மட்டும் ஒரே ஒரு தடவை, அதுவும் போகிற போக்கில். இது நுட்பம் இல்லை, கண்ணாமூச்சி.

ஜார்ஜ் எங்கே போனான்? ஜெஸ்ஸி பிளமன்ஸ் மாதிரி ஒரு நடிகரை வைத்துக்கொண்டு பாதிப் படத்துக்கு மேல் அவருக்கு வேலையே இல்லை. மலைச்சரிவில் ரோஸ் அவனுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிற இடம், தனியாக இல்லாமல் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வானே, படத்திலேயே மனசைத் தொட்ட இடம் எனக்கு அதுதான். (அவரும் ரோஸாக நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்டும் நிஜத்திலும் ஜோடி என்பதால் வந்த நெருக்கமோ என்னவோ.) அதற்குப் பிறகு வீட்டுக்குள் மனைவி பாட்டிலோடு படுத்துக் கிடக்கிறாள், இவன் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வருகிறான். ரோஸையும் விருந்தில் பியானோ வாசிக்க முடியாமல் கூசி நின்ற பிறகு குடிகாரி என்கிற ஒரே வரியில் அடைத்துவிட்டார்கள். பையன் யாருக்காகக் கொலை வரைக்கும் போகிறானோ அந்தப் பெண்ணே எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறாள்.

அப்புறம் மொன்டானா என்று போட்டுவிட்டு எடுத்தது முழுக்க நியூசிலாந்தில். கதாநாயகன் இங்கிலாந்துக்காரர். இந்தக் கோபத்தை நான் மட்டும் சொல்லவில்லை, வாழ்நாள் முழுக்க வெஸ்டர்ன் என்கிற கௌபாய் படங்களில் நடித்த சாம் எலியட்டே 2022-ல் வெளிப்படையாகத் திட்டினார். 12 பரிந்துரையில் கிடைத்தது ஒன்றே ஒன்று. சிறந்த படம் என்கிற விருது கூட வேறு படத்துக்குத்தான் போனது.

சும்மா_ஒருவன் எழுதியது:

மூன்றாம் அத்தியாயத்தில் தூங்கிவிட்டேன். முழித்துப் பார்த்தால் ஒருவன் தோலை ஊறவைத்துக்கொண்டிருந்தான், மறுபடியும் தூங்கிவிட்டேன். இப்போது தூரிகை எழுதியதைப் படித்தால் படத்தைவிட இது விறுவிறுப்பாக இருக்கிறது.

பழையகுதிரை எழுதியது:

நேர்கோடு, சாம் எலியட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள், அவர் பிறகு மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவருடைய எரிச்சலில் பாதி அந்தப் பண்ணையாட்கள் சட்டையில்லாமல் திரிவதைப் பற்றியும் படத்தில் வருகிற ஓரின ஈர்ப்பைப் பற்றியும்தான். அதை ஒரு பக்கம் வைப்போம்.

இடம் மாறியதைப் பற்றிப் பேசுவோம். வெஸ்டர்ன் என்கிற வகையே இடம் மாறித்தான் வளர்ந்தது. 1960-களில் இத்தாலியர்கள் எடுத்த வெஸ்டர்ன்களில் பாதிக்கு ஸ்பெயினில் இருக்கிற அல்மேரியாதான் டெக்சாஸ், அல்மேரியாதான் மெக்சிகோ. அந்தப் பாலைவனத்தைப் பார்த்து விசில் அடித்தவர்கள் நியூசிலாந்து மலையைப் பார்த்து மட்டும் முகம் சுளிப்பது எந்த நியாயம்? ஒட்டாகோ பகுதியில் அந்த வீட்டைத் தனியாக நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள், சுற்றிலும் மரம் கிடையாது, அக்கம்பக்கம் கிடையாது. அந்த வீட்டிலிருந்து ரோஸ் எங்கே ஓடுவாள் என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. அந்த மலை உண்மையில் எந்த நாட்டில் இருந்தால் என்ன?

கேள்வி கேட்டவருக்கு ஒரு விஷயம். நடுத்தெருவில் இரண்டு பேர் நின்று முறைப்பதை எதிர்பார்த்தேன் என்கிறீர்கள். கதை நடப்பது 1925. பிறகு எங்கும் பரவிய முள்கம்பிவேலிக்குக் காப்புரிமை வாங்கியது 1874-ல். அதற்குப் பிறகு திறந்த மேய்ச்சல் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது, 1886-87 குளிர்காலத்தில் மொன்டானாவில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன, பெரிய பெரிய பண்ணைகள் படுத்துவிட்டன. 1890-ல் மக்கள்தொகைக் கணக்கெடுத்தவர்கள் குடியேற்றம் முடிகிற எல்லைப்புறம் என்று தனியாக ஒரு கோடு போடும் நிலை இனி இல்லை என்றே எழுதிவிட்டார்கள். ஃபில் அதற்கெல்லாம் பிறகு பிழைத்திருப்பவன். தம்பி கார் ஓட்டுகிறான், கோட்டு சூட்டு போடுகிறான், வீட்டுத் தொட்டியில் குளிக்கிறான். ஃபில் மட்டும் முடிந்துபோன ஒரு காலத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு நாற்றத்தோடு திரிகிறான். அதுவும் வேஷம்தான், ஆள் யேல் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் படித்தவன், விருந்துக்கு வந்த கவர்னர் அதைச் சொல்லித்தான் சிரிப்பார். கிரேக்கம் படித்தவன் கௌபாயாக நடித்து நடித்து அதிலேயே மாட்டிக்கொண்டான். என்னைக் கேட்டால் இது வெஸ்டர்ன்தான், வெஸ்டர்ன் படம் பார்த்துப் பார்த்து ஆண்மை என்றால் இதுதான் என்று நம்பிவிட்ட நமக்காக எடுத்த வெஸ்டர்ன்.

ஆனால் ஜார்ஜ் விஷயத்தில் உங்களோடுதான் நிற்கிறேன். அவனைப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

மாட்டுவைத்தியர் எழுதியது:

நான் படத்தை ரசிக்கத்தான் உட்கார்ந்தேன், தொழில்புத்தி விடவில்லை. கால்நடை மருத்துவராக இருப்பதில் இது ஒரு தொல்லை.

ஆந்த்ராக்ஸ் என்பதைத் தமிழில் அடைப்பான் என்போம். இதை உண்டாக்கும் பாக்டீரியா மண்ணில் விதை மாதிரி ஒரு கெட்டியான நிலைக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் சும்மா கிடக்கும். மேயும்போது மாட்டின் உடம்புக்குள் போனால் விழித்துக்கொள்ளும். மாடு காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் செத்துக் கிடக்கும், மூக்கு வாய் ஆசனவாய் வழியாக உறையாத ரத்தம் கசியும். அப்படி ஒரு மாடு கிடந்தால் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், அறுக்காதே. அறுத்தால் ரத்தத்தில் இருக்கும் கிருமிக்குக் காற்று பட்டு, அந்த விதை நிலைக்கு மாறிச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவும். எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். பீட்டர் அங்கே உட்கார்ந்து நிதானமாகத் தோல் உரிக்கும்போது நான் திரையைப் பார்த்துக் கத்தியே விட்டேன்.

தோல் வழியாக மனிதருக்குத் தொற்றுவது முழுக்க உண்மை. தோல் பதனிடுபவர்கள், கம்பளி பிரிப்பவர்கள் எல்லாம் ஒருகாலத்தில் இதற்கு நிறையப் பலியாகியிருக்கிறார்கள். ஃபில் செய்தது அத்தனையும் நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி: திறந்த காயம், ஊறிய பச்சைத்தோல், மணிக்கணக்கில் அதே தண்ணீரில் கை. 1925-ல் பென்சிலின் கிடையாது, ஃபிளெமிங் அதைக் கண்டுபிடிக்கவே இன்னும் 3 வருடம் இருந்தது.

சினிமாவுக்காகச் சுருக்கியது எது என்றால் வேகம். காயம் வழியாகப் போனால் பொதுவாக ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அந்த இடத்தில் கொப்புளம் வரும், பிறகு நடுவில் கரியைப் போலக் கறுத்துப் புண்ணாகும் (ஆந்த்ராக்ஸ் என்ற பெயரே கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான், ஃபிலுக்கு அது தெரிந்திருக்கும்). சிகிச்சை இல்லாவிட்டாலும் தோல் வகையில் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள். ஆனால் கிருமி ரத்தத்தில் கலந்து மூளையுறை வரை போய்விட்டால் வலிப்பு வந்து சீக்கிரமே முடிந்துவிடும். அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டால் சரி, விட்டுவிடலாம்.

என்னைத் தூங்கவிடாதது கடைசிக் காட்சிதான். அந்தக் கயிற்றைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறானே பாவி! கையுறை போட்டால் போதுமா? அந்தக் கிருமி அதில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், அதன் மேல் படுத்துத் தூங்கப்போகிறான், அம்மா வந்து பெருக்குவாள். மருத்துவம் படிக்கிற பையன் அதை எரித்திருக்க வேண்டும். எரிக்காமல் வைத்துக்கொண்டான் என்றால் அவனுக்கு அதை விட மனசு வரவில்லை. தூரிகை சொன்ன காதல் காட்சியை நான் நம்பவில்லை, இந்த ஒரு இடத்தில் நம்பினேன்.

புத்தகப்பூச்சி எழுதியது:

நாவலைப் படித்தவர்கள் யாரும் வரவில்லை போலிருக்கிறது. தாமஸ் சாவேஜ் 1967-ல் எழுதியது, அவரே மொன்டானா பண்ணையில் வளர்ந்தவர். அதனால் புத்தகத்தில் இருக்கும் வேலியும் வைக்கோலும் பண்ணையாட்களின் பேச்சும் அப்படியே மண்ணோடு வரும்.

நேர்கோடு ரோஸ் மங்கலாக இருக்கிறாள் என்கிறார், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு காரணம், நாவலில் இருக்கும் ஒரு பெரிய கண்ணியைப் படம் கழற்றிவிட்டது. பீட்டரின் அப்பா ஒரு டாக்டர், மென்மையானவர், குடிப்பவர். நாவலில் ஃபில் அவரை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறான், அதற்கப்புறம்தான் அவர் தூக்குப்போட்டுக்கொள்கிறார். ஆக ரோஸ் கல்யாணமாகிப் போகும் வீடு, முதல் புருஷனின் சாவுக்குக் காரணமானவன் இருக்கும் வீடு. பீட்டருக்கு அது பழிவாங்கலும் கூட. படத்தில் அப்பா தூக்குப்போட்டுக்கொண்டார், கயிற்றை அறுத்து இறக்கியது நான்தான் என்று பீட்டர் சாவகாசமாக ஃபிலிடம் சொல்வதோடு சரி. நீ இரக்கமில்லாமல் போய்விடுவாயோ, ரொம்ப வலுவானவனாக இருக்கிறாயே என்று அப்பா பயந்தார் என்றும் சொல்வான், ஃபில் அதைக் கேட்டுச் சிரிப்பான். நீயா வலுவானவன் என்று.

அந்தக் கண்ணியை ஜேன் கேம்பியன் எடுத்தது சரியா தப்பா என்று எனக்குள்ளேயே இன்னும் தீரவில்லை. எடுத்ததால் பீட்டர் விசித்திரமானவனாக ஆகிறான், பழிவாங்கும் மகன் என்றால் நமக்குப் பழக்கப்பட்ட ஆள், அம்மாவின் மேல் நிழல் விழக் கூடாது என்பதற்காக மட்டும் ஒருவனை அழித்துவிட்டு அமைதியாக ஜன்னலோரம் நிற்பவன் பழக்கமில்லாத ஆள். ஆனால் எடுத்ததால் ரோஸின் பயத்துக்கு வேர் இல்லாமல் போய்விட்டது. படம் பார்க்கிறவர்கள் "ஒருத்தன் சீட்டி அடித்ததற்கா இவ்வளவு குடிக்கிறாள்" என்று கேட்கிறார்களே, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

தலைப்பைப் பற்றி ஒன்று. சங்கீதம் 22-ல் வருவது. நம்முடைய பைபிளில் அந்த இடம் "நாய்களின் துஷ்டத்தனம்" என்று இருக்கிறது, எனக்கு ஆங்கிலத்தைவிட இது பிடிக்கும். அருமையான ஒன்றை அதிலிருந்து காப்பாற்று என்கிற வேண்டுதல். பீட்டர் கடைசியில் அந்தப் பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பான். நாய் ஃபில்தான் என்று முதலில் நினைத்தேன், இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

இடைவேளைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தூரிகை திட்டியதால் நேற்று மறுபடியும் பார்த்தேன், இந்தத் தடவை ஒரே தவணையில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

சரி, ஒத்துக்கொள்கிறேன். வேறு படமாகத்தான் இருந்தது. முதல் தடவை ஃபிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் எப்போது வெடிப்பான் என்று. இந்தத் தடவை பீட்டரைப் பார்த்தேன். அந்த முயலை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டே கழுத்தைத் திருகுகிறானே, முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முதல் தடவை அதை நான் இரக்கம் என்று நினைத்தேன், அடிபட்ட உயிரைக் கஷ்டப்படவிடாமல் முடிக்கிறான் என்று. இப்போது ஃபிலுக்கு அவன் செய்ததும் கிட்டத்தட்ட அதே மாதிரி, தடவிக்கொடுத்துக்கொண்டே. அந்த இடத்தில் படத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன் (இது தவணையில் சேராது). பின்னணி இசையும் இந்தத் தடவைதான் காதில் விழுந்தது. ஜானி கிரீன்வுட் செல்லோவை பேஞ்சோ மாதிரி விரலால் மீட்டி வாசித்திருக்கிறாராம், அதனால்தான் கேட்டுப் பழகின கௌபாய் இசை ஏதோ கோணலாகிப்போன மாதிரி இருக்கிறது.

ஆனால் இரண்டாம் தடவை பார்த்தால்தான் பிடிக்கும் என்றால் அது படத்தின் குறையா இல்லையா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. எல்லோரும் இரண்டு தடவை பார்க்க மாட்டார்கள், நான் உங்களிடம் வந்து கேட்டிருக்காவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன். நேர்கோடு சொன்னதில் ரோஸ், ஜார்ஜ் இரண்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கடைசியில் ரோஸும் ஜார்ஜும் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பையன் சிரிக்கிறான், நான் சிரிக்கவில்லை, அவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லையே.

முதலில் பத்துக்கு நாலு போட்டிருந்தேன், இப்போது ஏழு. ஏழுக்கு மேல் போக மாட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மலையில் நாய் தெரிகிறது என்கிறார்களே, பிராங்கோ ஹென்றிக்குத் தெரிந்தது, ஃபிலுக்குத் தெரிகிறது, பீட்டர் பார்த்த உடனே சொல்லிவிடுகிறான், பண்ணையாட்கள் யாருக்கும் தெரியவில்லை. நான் நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. எங்கேதான் இருக்கிறது?

தூரிகை எழுதியது:

முழு நாயைத் தேடாதீர்கள், கண்டுபிடிக்க முடியாது. மலைச்சரிவில் விழும் நிழலைப் பாருங்கள், வாயைத் திறந்து குரைக்கிற மாதிரி இருக்கும். வாய் தெரிந்துவிட்டால் மிச்சம் தானாகத் தெரியும். பெரிய திரையில் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு.

இடைவேளைக்காரன் எழுதியது:

தெரிந்துவிட்டது!! இப்போது அந்த மலை வருகிற எல்லாக் காட்சியிலும் அதுதான் தெரிகிறது.

நேர்கோடு எழுதியது:

நானும் போய்ப் பார்த்தேன். எனக்கு அது மலைதான்.